டொங்காட்டிலிருந்து லெனேசியா வரை பழைய வேலியண்டில் கேரவன் இழுக்க என்னென்ன செய்ய வேண்டும்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். தாத்தா வாங்கிய 1969 கிரைஸ்லர் வேலியண்ட் கார், 225 ஸ்லாண்ட் சிக்ஸ் (சாய்வாக நிற்கும் ஆறு சிலிண்டர்) எஞ்சின், டார்க்ஃபிளைட் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே டொங்காட் வீட்டில் பத்திரமாக வைத்திருந்து, கோயிலுக்கும் கடற்கரைக்கும் மட்டும் எடுக்கிறார்கள். கூடவே மாமா கொடுத்த 1970-களின் ஸ்பிரைட் கேரவன் ஒன்று. காரின் டேர் (வெறும் வண்டியின் எடை) 1,230 கிலோ, கேரவனின் ஜிவிஎம் (சாமானோடு அனுமதித்த அதிகபட்ச எடை) 1,050 கிலோ. டிசம்பர் லீவில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அத்தை மகள் கல்யாணம், அதற்கு இந்தக் காரிலேயே கேரவனை இழுத்துக்கொண்டு குடும்பத்தோடு போக ஆசை. "எஞ்சினுக்கு என்ன வேலை செய்தால் இழுக்கும் அண்ணா?" என்பதுதான் கேள்வி.

இழுக்கும் தம்பி, அதில் சந்தேகம் வேண்டாம். 225 என்பது 3.7 லிட்டர், நீளமான ஸ்ட்ரோக், நிமிஷத்துக்கு 2,400 சுற்றிலேயே டார்க் (சுழற்றும் விசை) உச்சத்துக்கு வந்துவிடும். எஞ்சினுக்குக் கூடுதல் பவர் ஏற்ற ஒரு ராண்ட்கூடச் செலவு செய்யாதீர்கள். பழைய கார் கேரவன் இழுத்துப் பாதி வழியில் நிற்கிறது என்றால் பெரும்பாலும் காரணம் பவர் குறைவு இல்லை, சூடு. தண்ணீர் சூடு, கியர்பாக்ஸ் ஆயில் சூடு, வால்வு சூடு, பிரேக் சூடு, ஒயர் சூடு. கடற்கரைக்குப் போய் வரும் அரை மணி நேரத்தில் இதில் எதுவுமே வெளியே தெரியாது. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 570 கிமீ, கடல் மட்டத்தில் புறப்பட்டு 1,700 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறீர்கள், அவ்வளவு நேரமும் ஒரு டன் பின்னால் தொங்குகிறது. ஒவ்வொரு இடத்திலும் உண்டாகும் சூடு எங்கே போய்ச் சேரும், அதை வெளியே தள்ள வழி இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தயாரிப்பு.

முதலில் எடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாச் சூடும் அங்கிருந்துதான் வருகிறது, சட்டமும் அதைத்தான் பார்க்கிறது. சாதாரண பி கோட் லைசென்ஸில் 750 கிலோ ஜிவிஎம் வரையுள்ள டிரெய்லர்தான் இழுக்கலாம். உங்கள் கேரவன் 1,050, அப்படியென்றால் ஈபி கோட் (கனமான டிரெய்லர் இழுக்கும் லைசென்ஸ்) வேண்டும். இல்லையென்றால் டிசம்பருக்கு முன் அதற்கு டெஸ்ட் நாள் வாங்குங்கள், அல்லது ஈபி இருக்கும் சித்தப்பாவை ஓட்டச் சொல்லுங்கள். அடுத்தது பிரேக். டிரெய்லரின் ஜிவிஎம் காரின் டேரில் பாதிக்குள், 750 கிலோவுக்குள் இருந்தால் பிரேக் இல்லாமல் போகலாம். பாதியைத் தாண்டி, ஆனால் காரின் டேருக்குள் இருந்தால் ஓவர்ரன் பிரேக் (கேரவன் காரைத் தள்ளும் தள்ளலிலேயே பிடிக்கும் பிரேக்) போதும். கார் டேரையே தாண்டிவிட்டால், டிரைவர் இடத்திலிருந்து இயக்கும் முழு பிரேக் வேண்டும். உங்களுடையது நடுவில் வருகிறது, ஆகவே ஓவர்ரன் பிரேக் நல்ல நிலையில் இருந்தாக வேண்டும். இன்ஷூரன்ஸுக்கும் கேரவன் இழுக்கப் போவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆனால் கேரவனின் லைசென்ஸ் டிஸ்க்கில் அச்சடித்த எண்ணை நம்பாதீர்கள். ஐம்பது வருஷக் கேரவனில் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் தண்ணீர் குடித்திருக்கும், யாரோ ஒருவர் இடையில் பெரிய பேட்டரி, கனமான தரை, ஆனிங் (வெயில் மறைப்பு) எல்லாம் சேர்த்திருப்பார். பானை, பாத்திரம், துணி, கேஸ், தண்ணீர் எல்லாம் ஏற்றி, போகிற மாதிரியே தயார் செய்து எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள். பழைய இரும்பு வாங்கும் இடங்களில் எடைமேடை இருக்கும், கேட்டால் போட்டுத் தருவார்கள். 1,050-க்கு மேல் காட்டினால் சாமானை இறக்குங்கள். தண்ணீர் டேங்கைக் காலியாகக் கொண்டுபோய் அங்கே நிரப்பிக்கொள்ளலாம். கல்யாணச் சீர் பாத்திரங்களை வேறு யாராவது பக்கியில் (பிக்கப் வண்டி) கொண்டுவரட்டும். பணம் செலவாகாமல் கிடைக்கும் பெரிய முன்னேற்றம் இதுதான்.

கனமானதை ஆக்ஸிலுக்கு நேர் மேலே, தரையோடு வையுங்கள். காரின் பின்னால் கேரவனை மாட்டும் டோபார் பால் (உருண்டை) மேல் இறங்கும் எடை மொத்தத்தில் ஆறேழு சதவீதம், அதாவது 60 முதல் 75 கிலோ, இருக்கட்டும். குளியலறைத் தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, பால் இருக்கும் உயரத்துக்கே கப்ளரை (பால் மேல் பூட்டும் கேரவனின் முனை) அதன்மேல் இறக்கினால் தெரிந்துவிடும். இதைவிடக் குறைந்தால் கேரவன் வால் ஆட்டும். கூடினால் வேலியண்டின் பின்பக்க லீஃப் ஸ்பிரிங் அமுங்கி முன் சக்கரம் லேசாகிவிடும். அப்படி மூக்கு தூக்கினால் சிலர் முன்பக்க டார்ஷன் பாரைத் தளர்த்திக் காரை மட்டமாக்கப் பார்ப்பார்கள், அது தவறான மருந்து. பின்பக்க ஸ்பிரிங் களைத்திருந்தால் அதைக் கழற்றி வளைவு ஏற்றிக்கொண்டு வாருங்கள்.

இனி தண்ணீர். ரேடியேட்டர் ஒழுகவில்லை, ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் மீட்டர் நடுவில்தான் நிற்கிறது என்று நீங்கள் சொல்வதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. வருஷக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டரில் குழல்கள் பாதி அடைத்திருந்தாலும் லேசான ஓட்டத்துக்கு மீதி பாதி போதும். ரேடியேட்டர் கடையில் கொடுத்து டேங்கைப் பிரித்துக் குழல்களைக் குத்திச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், குழல் மெலிந்திருந்தால் புது கோர் போடுங்கள். அத்தோடு எஞ்சின் பிளாக்கையும் விடாதீர்கள். வாட்டர் பம்ப் முன்னால் இருப்பதால் துருவும் சேறும் பின்பக்கச் சிலிண்டரைச் சுற்றிப் போய்ப் படிந்துகொள்ளும், ரேடியேட்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அந்த ஆறாவது சிலிண்டர் தனியாக வேகும். பிளாக்கில் இருக்கும் தகட்டு மூடிகளான கோர் பிளக்குகளைக் கழற்றி, கம்பி விட்டுக் கிளறி, தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். புது கோர் பிளக் விலை ஒன்றும் பெரிதில்லை.

ரேடியேட்டர் மூடியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு புதிதாக வாங்கிவிடுங்கள். வழியில் நீங்கள் ஏறப்போகும் வான் ரீனன் கணவாய் உச்சி 1,600 மீட்டருக்கு மேல், அங்கே திறந்த பாத்திரத்தில் வெறும் தண்ணீர் 94, 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். 14 பிஎஸ்ஐ மூடி ஒழுங்காகப் பிடித்தால் கொதிநிலை 20 டிகிரிக்கு மேல் உயரும். அந்த மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் பிடிக்கவில்லை என்றால், டர்பனில் பிரச்சினையே காட்டாத கார் சரியாக ஏற்றத்தின் உச்சியில் பொங்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்து ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் குளிரும் என்று சொல்கிறவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், 82 டிகிரி தெர்மோஸ்டாட் புதிதாகப் போடுங்கள். கீழ் ஹோஸுக்குள் சுருள் கம்பி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், அது இல்லையென்றால் பம்ப் வேகமாக இழுக்கும்போது ஹோஸ் உள்ளே சப்பி அடைத்துக்கொள்ளும். ஃபேனைச் சுற்றி ஷ்ரவுட் (காற்று சிதறாமல் காக்கும் உறை) இல்லையென்றால் போடுங்கள். டர்பனைத் தாண்டியதும் கீ ரிட்ஜ், ஹேமர்ஸ்டேல் பக்கம் சாலை விரிவாக்க வேலை நடக்கிற இடங்களில் ஏற்றத்தில் ஊர்ந்து போக வேண்டிவரும், அப்போது காற்றைக் கொடுப்பது ஃபேன் மட்டும்தான்.

டாஷ்போர்டு மீட்டரைப் பற்றி ஒரு விஷயம். அந்தக் காலக் கிரைஸ்லர்களில் பெட்ரோல் மீட்டரும் வெப்ப மீட்டரும் ஒரே சின்ன வோல்டேஜ் லிமிட்டரை நம்பி வேலை செய்கின்றன, அது கெட்டால் இரண்டும் சேர்ந்தே பொய் சொல்லும். பெட்ரோல் நிரப்பியும் முள் முழுசாகப் போகவில்லை என்றால் வெப்ப முள்ளையும் நம்பக் கூடாது. தனியாக ஒரு மெக்கானிக்கல் வெப்ப மீட்டர் மாட்டிக்கொள்ளுங்கள், எண் போட்டதாக.

கியர்பாக்ஸ். டார்க்ஃபிளைட் மிக உறுதியான பெட்டி, நன்றாக வைத்துக்கொண்டால் கேரவனோடு இன்னும் பல வருஷம் ஓடும். ஆனால் எஞ்சின் சுழற்சியை ஆயில் மூலம் கியருக்குக் கொடுக்கும் டார்க் கன்வெர்ட்டருக்கு அதில் லாக் கிடையாது, ஏற்றத்தில் கன்வெர்ட்டர் வழுக்கும் ஒவ்வொரு நிமிஷமும் ஆயில் சூடேறுகிறது. அந்த ஆயில் குளிர்வதற்கு ரேடியேட்டரின் அடி டேங்க்தான் இடம், அதுவே சூடாக இருந்தால் எங்கே குளிரும்? ரேடியேட்டருக்கு முன்னால் தனியாக ஒரு ஆயில் கூலர் மாட்டுங்கள். ரேடியேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாயில் அதை இணைத்தால் போதும், எண்ணெய்க்கென்றே உள்ள ஹோஸும் நல்ல கிளிப்பும் போட்டு. பழைய ஆயிலை வடித்து ஃபில்டர் மாற்றி, பேண்டுகளை (பெட்டிக்குள் இறுக்கிப் பிடிக்கும் பட்டைகள்) சரிசெய்யுங்கள். அளவு பார்க்கும்போது கார் மட்டமான தரையில், எஞ்சின் ஓடிக்கொண்டு, ஆயில் சூடாக, லீவர் நியூட்ரலில் இருக்க வேண்டும். பார்க்கில் வைத்துப் பார்க்கிறவர்கள் நிறைய, இந்தப் பெட்டியில் பார்க்கில் ஆயில் சுற்றாது, அளவு தவறாகக் காட்டும்.

இன்னொன்று, இதைத்தான் பெரும்பாலான மெக்கானிக்குகள் மறக்கிறார்கள்: கார்ப்பரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கிக்டவுன் கம்பி. அதைக் கியர் இறங்குவதற்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்களோ அதற்கேற்ற அழுத்தத்தைக் கிளட்சுகளுக்குக் கொடுப்பது அந்தக் கம்பிதான். யாராவது கார்ப்பரேட்டர் மாற்றும்போது அதைத் தொங்கவிட்டிருந்தால், வீட்டைச் சுற்றி ஓட்டும்போது கியர் மெத்தென்று மாறுவதாகத் தோன்றும், கேரவனோடு ஏற்றம் ஏறினால் கிளட்ச் எரிந்துபோகும். முழுசாக மிதிக்கும்போது கம்பியும் முழுசாகப் பின்னால் போகிறதா என்று ஒருவரை மிதிக்கச் சொல்லிக் கீழே பாருங்கள்.

ஏற்றத்தில் டாப் கியரிலேயே மிதித்து அழுத்தி ஏறாதீர்கள். வேகம் குறையத் தொடங்கியதும் லீவரை இரண்டுக்கு இழுத்து, ஏறக்குறைய 60-ல் நிதானமாக ஏறுங்கள். அந்த வேகத்தில் எஞ்சின் தன் டார்க் உச்சத்துப் பக்கம் சுற்றும், ஃபேனும் பம்பும் வேகமாகச் சுற்றும், கன்வெர்ட்டர் வழுக்குவது குறையும். லாரிகளோடு இடது லேனில் போவதில் ஒரு குறையும் இல்லை. உயரம் ஏற ஏற எஞ்சின் பலமும் குறையும், 300 மீட்டருக்கு 3 சதவீதம் என்பது பொதுக் கணக்கு, ஆக வான் ரீனனில் பதினாறு பதினேழு சதவீதம் போயிருக்கும். அங்கே கார் சோர்வாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், கார்ப்பரேட்டரைத் திருகவும் வேண்டாம். காற்று மெலிந்து பெட்ரோல் அதிகமாகப் போவதால் பிளக் கொஞ்சம் கறுக்கும், அவ்வளவுதான். ஆனால் ஜோகன்னஸ்பர்க்கில் யாராவது உறவுக்காரர் ஆர்வத்தில் கார்ப்பரேட்டர் ஜெட்டை (பெட்ரோல் வரும் துளை) சின்னதாக்கி ட்யூன் செய்து கொடுத்துவிட்டால், திரும்பி டர்பன் பக்கம் இறங்கும்போது கலவை வறண்டுபோய் எஞ்சின் சூடேறித் தட்டத் தொடங்கும். டர்பன் செட்டிங்கிலேயே போய் டர்பன் செட்டிங்கிலேயே வாருங்கள்.

வால்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 தொடக்கத்தில் நின்றுபோனது. உங்கள் 1969 ஹெட்டில் எக்ஸாஸ்ட் வால்வு சீட் தனியாகப் போட்ட கெட்டி உலோகம் இல்லை, ஹெட்டின் வார்ப்பிரும்பையே கடைந்தது. ஈயம் அந்தச் சீட்டுக்கு ஒரு படலமாக இருந்து காத்தது. லேசாக ஓட்டும் காருக்கு ஈயமில்லாப் பெட்ரோலால் பெரிய தேய்மானம் வருவதில்லை, அதனால்தான் உங்கள் தாத்தா கார் இத்தனை நாள் நன்றாக இருக்கிறது. ஆனால் முழு மிதியில் மணிக்கணக்காக, எக்ஸாஸ்ட் வால்வு கொதிக்கக் கொதிக்க ஓடும்போதுதான் சீட் தேயத் தொடங்கும், வால்வு மெல்ல ஹெட்டுக்குள் புதையும். கேரவன் இழுப்பது சரியாக அந்த வகை ஓட்டம்.

ஸ்லாண்ட் சிக்ஸில் ஒரு நல்ல விஷயம், அதில் டாப்பெட் (வால்வை அழுத்தும் பகுதியின் இடைவெளி) கையால் சரிசெய்கிற வகை, ஆகவே தேய்மானத்தை நீங்களே அளக்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது இன்டேக் 0.25 மிமீ, எக்ஸாஸ்ட் 0.50 மிமீ. புறப்படும் முன் பன்னிரண்டையும் சரியாக வைத்து, ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். வால்வு புதைந்தால் இடைவெளி குறையும். இடைவெளி முழுசாகப் போய்விட்டால் வால்வு மூடாது, சூடு சீட்டுக்குப் போக வழியில்லாமல் வால்வே எரியும். பயணத்துக்கு ஈயத்துக்குப் பதிலான மருந்து பெட்ரோலில் கலந்துகொள்ளுங்கள். எப்படியும் ஹெட்டைக் கழற்றும் வேலை வந்தால் அன்றைக்கே கெட்டி சீட் போட்டுவிடுங்கள், அதற்கென்று இப்போதே நல்ல ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை. பெட்ரோல் 95 போடுங்கள். கடற்கரையை விட்டு உள்ளே போனால் பம்பில் 93-உம் இருக்கும், அந்த உயரத்தில் இந்தக் கம்ப்ரஷனுக்கு அது போதும்தான், ஆனால் திரும்பும்போது அதே டேங்கோடுதான் கடற்கரைக்கு இறங்கப் போகிறீர்கள்.

அதே பக்கத்தில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒரு சின்ன ஹீட் வால்வு இருக்கும், குளிரில் கார்ப்பரேட்டரின் அடியைச் சூடாக்க. துருப்பிடித்து மூடிய நிலையில் நின்றுபோனால் ஓடும் நேரமெல்லாம் கார்ப்பரேட்டரைச் சுடவைத்துக்கொண்டே இருக்கும், டோல் கேட்டில் நின்றுவிட்டு ஸ்டார்ட் செய்தால் கார் இருமும். கையால் அசைத்துப் பாருங்கள், அசையவில்லையென்றால் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி விடுவியுங்கள். ரப்பர் பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள், இதில் யோசிக்கவே வேண்டாம்.

பிரேக்கில்தான் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன். ஒரு கணக்குச் சொல்கிறேன். காரும் குடும்பமும் சாமானும் கேரவனும் சேர்ந்து ஏறக்குறைய 2,600 கிலோ. திரும்பி வரும்போது ஹில்டனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு டவுன் ஹில் என்னும் மலைச்சரிவில் இறங்குகிறீர்கள், சுமார் 400 மீட்டர் இறக்கம், சில கிலோமீட்டருக்குள். அந்த எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் சூடு 30 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதியெல்லாம் பிரேக் டிரம்முக்குள் போகிறது. டிரம் சூடானால் விரிந்து ஷூவை விட்டு விலகும், ஷூவின் பிடியும் குறையும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். அதற்குமேல் பிரேக் ஆயில் பழசாக இருந்தால் ஆயிலே கொதித்து ஆவியாகும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி தாங்கும், ஈரம் இழுத்துப் பழசானால் 155-க்கு இறங்கிவிடும். டொங்காட் மாதிரி கடல் காற்று அடிக்கும் ஊரில் அந்த ஆயிலை எப்போது கடைசியாக மாற்றினீர்கள்?

ஆகவே நாலு டிரம்மையும் கழற்றுங்கள். கழற்றும்போது கவனம்: அந்தக் காலத்தில் கிரைஸ்லர் இடதுபக்கச் சக்கரங்களுக்கு இடது மரை போட்டது, வழக்கமான திசையில் சுற்றினால் இறுகும், பலம் கொடுத்தால் ஸ்டட் ஒடியும். ஸ்டட் நுனியில் குறி இருக்கிறதா என்று பாருங்கள், வழியில் டயர் மாற்ற உதவிக்கு வருகிறவர்களுக்கும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீல் சிலிண்டர் எல்லாம் புதிதாக அல்லது ஸ்லீவ் போட்டு, ரப்பர் பிரேக் ஹோஸ் மூன்றும் புதிதாக, டிரம் அளவுக்கு மேல் தேயாமல் இருக்கிறதா என்று அளந்து, ஷூ டிரம்மின் வளைவுக்குப் பொருந்தும்படி தேய்த்து, ஒட்டி அட்ஜஸ்ட் செய்து. பின்பக்க டிரம்முக்குள் எண்ணெய் தெரிந்தால் சீல் மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள், டிஃபரன்ஷியலின் காற்றுத் துளை அடைத்திருக்கும், சூடாகும்போது அழுத்தம் கூடி எண்ணெயைச் சீல் வழியாகத் தள்ளும். அந்தத் துளையைத் திறந்துவிடுங்கள், டிஃப் ஆயிலையும் மாற்றுங்கள். மாஸ்டர் சிலிண்டர் ஒரே அறை உள்ளதாக இருந்தால், எங்கே ஒரு ஹோஸ் வெடித்தாலும் நாலு சக்கரமும் போய்விடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டராக மாற்றுங்கள். கையில் காசு இருந்தால் முன்பக்கம் டிஸ்க் போடுங்கள். ஆனால் ரேடியோவுக்கும் பெயிண்டுக்கும் ஒதுக்கிய பணம் ஏதாவது இருந்தால் அது முதலில் இங்கே வரட்டும்.

கேரவனின் ஓவர்ரன் பிரேக்கும் அதே அளவு முக்கியம். கார் பிரேக் போடும்போது கேரவன் முன்னால் வந்து கப்ளரைத் தள்ளும், அந்தத் தள்ளல் கம்பி வழியாகக் கேரவன் டிரம்முக்குப் போகும். பல வருஷம் நின்ற கேரவனில் கப்ளரோடு சேர்ந்து பின்னால் நகரும் தண்டு துருப்பிடித்து இறுகியிருக்கும், கம்பி நீண்டிருக்கும். தண்டைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் அடியுங்கள், பிரேக்கை டிரம்மிலிருந்து தொடங்கி முன்னோக்கி அட்ஜஸ்ட் செய்யுங்கள், கம்பியை இழுத்து ஏமாற்றாதீர்கள். வீல் பேரிங்கைக் கழற்றிப் பழைய கிரீஸைக் கழுவிப் புதிது வையுங்கள். கடலோரத்தில் நின்ற கேரவனில் பேரிங்கில் துரு விழுந்திருக்கும், புள்ளி தெரிந்தாலே மாற்றுங்கள்.

வேலியண்டுக்குத் தனி சேசிஸ் கிடையாது, உடலும் சேசிஸும் ஒன்று. ஆகவே டோபாரைப் பம்பரிலோ பூட் தகட்டிலோ மாட்டக் கூடாது, அடியில் நீளவாட்டில் ஓடும் பெட்டிச் சட்டங்களில், இரண்டு பக்கமும், பெரிய தகடு கொடுத்து 8.8 தர போல்ட்டில் மாட்ட வேண்டும். அதற்கு முன் அந்தச் சட்டங்களை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே துரு இருந்தால் முதலில் வெல்டர், அப்புறம்தான் டோபார். பால் 50 மிமீ. பாதுகாப்புச் சங்கிலி கண்டிப்பாக.

ஒயரிங்கில் ஒரு ஆபத்து உண்டு. இந்தக் கார்களில் ஆல்டர்னேட்டர் கரண்ட் முழுவதும் ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுச்சுவர்) இருக்கும் பெரிய பிளக் வழியாக டாஷ்போர்டு அம்மீட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அந்தப் பிளக்கின் முனைகள் பச்சை பூத்திருந்தால், கூடுதல் சுமை ஏறும்போது உருகும். கேரவன் ஃப்ரிட்ஜ், உள்விளக்கு எதையும் காரின் பழைய ஒயரில் சேர்க்காதீர்கள். பேட்டரியிலிருந்து நேராக ஃபியூஸ் போட்டுத் தனி ஒயர் இழுத்து, ரிலே மூலம் டிரெய்லர் விளக்குகளுக்குக் கொடுங்கள். ஃபயர்வால் பிளக்கைப் பிரித்துச் சுத்தம் செய்யுங்கள். இண்டிகேட்டர் வேகமாக மின்னினால் கனமான சுமைக்குரிய ஃப்ளாஷர் போடுங்கள். ஏழு முனை பிளக்கில் எர்த் முனைக்குத் தடித்த ஒயர். விளக்குக் கோளாறு என்று வருவதில் பெரும்பாலானது எர்த் கோளாறுதான்.

டயர் பற்றிச் சுருக்கமாக: பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் ஆறேழு வருஷம் தாண்டிய டயரில் கேரவன் இழுக்காதீர்கள். கேரவனுக்கு அதன் எடை தாங்கும் டயர் வேண்டும், பக்கி டயர் வகை பொருத்தம். காரில் ரேடியலும் கிராஸ் பிளையும் கலக்க வேண்டாம்.

வேகம் 80. நெடுஞ்சாலையில் 120 அனுமதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். காற்றைக் கிழிக்கத் தேவையான பவர் வேகத்தை மூன்று முறை பெருக்கிய கணக்கில் (மும்மடியில்) கூடும், 80-க்குப் பதில் 100 போனால் காற்றுக்கு மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அத்தனையும் சூடாகத்தான் முடியும். கேரவன் ஆடத் தொடங்கினால் பிரேக் போடாதீர்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மட்டும் விடுங்கள்.

பயணத்தைப் பொறுத்தவரை, விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஏற்றத்தைக் குளிரிலேயே முடித்துவிடலாம். டிசம்பரில் கூட்டம் கடலை நோக்கி வரும், நீங்கள் எதிர்த்திசையில் போவது நல்லதாயிற்று. நாட்டிங்ஹாம் ரோடு பக்கம் மூடுபனி இருக்கும், வான் ரீனனில் பக்கவாட்டுக் காற்று. மூய் ரிவரில் டோல் தாண்டியதும் நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், மற்றதைவிட ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ பிடிக்கிறது. ஏற்றம் முடிந்து நிறுத்தினால் உடனே எஞ்சினை அணைக்காமல் இரண்டு மூன்று நிமிஷம் சும்மா ஓடவிடுங்கள். மீட்டர் மேலே போனால் ஹீட்டரை முழுசாகத் திறந்து ஜன்னலை இறக்குங்கள், குழந்தைகள் முணுமுணுத்தாலும் பரவாயில்லை, அது இன்னொரு சின்ன ரேடியேட்டர்.

ஒரே நாளில் முடிக்க நினைக்காதீர்கள், ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்து ஹாரிஸ்மித்தில் இரவு தங்குங்கள். உங்கள் தாத்தா அந்தக் காரில் டிரான்ஸ்வால் (ஜோகன்னஸ்பர்க் இருந்த அந்தக் கால மாகாணம்) போயிருந்தால் அங்கே தங்கியிருக்க முடியாது. ஃப்ரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கக் கூடாது என்று 1891-ல் போட்ட சட்டம் 1986 வரை இருந்தது. நம் குடும்பங்கள் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, பெட்ரோல் கணக்குப் பார்த்துக்கொண்டு, சோர்வானாலும் கார் சூடானாலும் அந்த மாகாணத்தைக் கடந்துவிட வேண்டியிருந்தது. அப்போது எத்தனையோ எஞ்சின் ஓய்வில்லாமல்தான் ஓடியது. இன்று அந்த ஊரில் கேரவனை நிறுத்தி, ராத்திரி நன்றாகத் தூங்கி, காலையில் ஆயிலும் தண்ணீரும் பார்த்துக் கிளம்பலாம். மறுநாள் வார்டன், வில்லியர்ஸ், ஹைடல்பர்க் வழி பெரும்பாலும் மட்டமான சாலை, மத்தியானத்துக்குள் லெனேசியா.

இவ்வளவும் செய்தபின் நேராகக் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடாதீர்கள். மூன்று நாலு வாரம் முன்னால், முழுசாக ஏற்றிய கேரவனோடு ஹோவிக் வரை போய்த் திரும்புங்கள். டவுன் ஹில் ஏறவும் இறங்கவும் அதில் வந்துவிடும், இறங்கும்போது ஹில்டன் உச்சியிலேயே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள், பிரேக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்காமல் அழுத்திக் குறைத்து, விட்டு, ஆற விடுங்கள். வீட்டுக்கு வந்ததும் டோபார் போல்ட், சக்கர நட் எல்லாவற்றையும் மறுபடி இறுக்குங்கள், கியர்பாக்ஸ் ஆயிலை மோந்து பாருங்கள், கருகிய வாடை வந்தால் கூலரும் கிக்டவுன் கம்பியும் இன்னும் சரியாகவில்லை. அப்புறம் டாப்பெட் இடைவெளியை அளந்து நோட்டில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். எக்ஸாஸ்டில் எல்லாம் 0.50 பக்கமே நின்றால் கிளம்பலாம். ஏதாவது ஒன்று தெளிவாகக் குறைந்திருந்தால் இந்தக் கல்யாணத்துக்கு வேறு வண்டியில் போங்கள், ஹெட்டைக் கழற்றிக் கெட்டி சீட் போட்டபின் ஈஸ்டருக்கு வேலியண்டை எடுங்கள்.